மாத்திரைக்கும் டிகிரி பார்க்கணும்



உப்பளத்தில் வேலை செய்யும் நம் உறுப்பினர்களுக்கு டிகிரி பார்ப்பது என்றால் என்ன என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் சுண்டி 25 டிகிரி வந்தால் உப்பு விளையும். 30-ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து விடும். குறைந்தாலும் பயன் இல்லை, கூடினாலும் கெடுதல்.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்திலும் இப்படி ஓர் அளவு இருக்கிறது. இந்த மாதம் அதைப் படிப்போம்.

ஏன் இந்தப் பாடம்?

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி தம்பிக்காக உள்கடன் கேட்டார். "மூணு மாசமா மாத்திரை குடுக்கறோம். இன்னும் காதுல குரல் கேக்குதுன்னு சொல்றான். மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அவன் மாத்திரையைத் துப்பிடுவான், நீங்க பாக்கறது இல்ல" என்றார். அந்த அக்கா அழுதுவிட்டார். தினமும் தன் கையால் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துக் கொண்டிருப்பவர் அவர்.

நாம் அவர்களோடு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் பார்க்கச் சொன்னார். அளவு குறைவாக வந்தது. தம்பி மாத்திரையைத் துப்பவில்லை. அவர் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர். காரணம் அதுதான்.

பீடிக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் விழுங்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். புகையிலைப் புகை உள்ளே போனால் கல்லீரல் சில மருந்துகளை வேகமாக உடைத்துவிடும். குளோசபின், ஓலான்சபின் என்ற மாத்திரைகள் அப்படிப்பட்டவை. ஒரே மாத்திரையை இரண்டு பேர் சாப்பிட்டாலும், பீடி குடிப்பவர் ரத்தத்தில் மருந்து குறைவாகவே நிற்கும்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். தம்பி தேறினார். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு பீடியை அடியோடு விட்டார். நல்லதுதானே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பத்து நாளில் எழுந்திருக்க முடியாத தூக்கம், வாயில் எச்சில் ஒழுகல், தள்ளாட்டம். புகை நின்றதும் கல்லீரலின் வேகம் குறைந்து, அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிவிட்டது. நல்லவேளை, உடனே கூட்டிப் போனதால் சரியானது. இல்லாவிட்டால் வலிப்புகூட வந்திருக்கும். பீடியை விடும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நாம் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அது நம் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பீடியை விடுவது நல்ல காரியம். டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தத்தில் ஏன் பார்க்கிறார்கள்?

மருந்து வேலை செய்வது மூளையில். மூளையிலிருந்து எடுத்துப் பார்க்க முடியாது. கிணற்றை எட்டிப் பார்த்து நிலத்தடி நீரைக் கணிக்கிற மாதிரி, ரத்தத்தைப் பார்த்துக் கணிக்கிறார்கள். குளோசபின் என்றால், ஒரு மில்லி ரத்தத்தில் 350 நானோகிராமாவது இருந்தால்தான் பலருக்குப் பலன் தெரியும். ஒரு கிராமை 100 கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம். 1000-ஐத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து அதிகம்.

இந்த மருந்துகள் பலவும் உடம்பின் கொழுப்பிலும் மற்ற உறுப்புகளிலும் தங்கும். நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டுப் போய்விடாது. "நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று ஏமாறுவது இதனால்தான். சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் திரும்பும்.

குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளை அணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. முதல் 18 வாரம் வாரந்தோறும் பார்ப்பார்கள். அது வேறு, மருந்தின் அளவைப் பார்ப்பது வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றது முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் கவனிக்க

அதிக உற்சாகம், தூக்கமே இல்லாமை, பிறகு ஆழ்ந்த சோர்வு என்று மாறி மாறி வரும் நோய்க்கு லித்தியம் கொடுப்பார்கள். இதுவும் ஒரு வகை உப்புதான். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பலனைக் கண்டு எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில், சமையல் உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகள் பதிலுக்கு லித்தியம் உப்பைச் சாப்பிட்டதில் சிலர் இறந்தார்கள். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்த பிறகுதான் இது பாதுகாப்பான மருந்தானது.

சித்திரை வெயிலில் உப்பு வாரும்போது வியர்வையோடு உடம்பின் உப்பும் போய்விடும். உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், ரத்தத்தில் அளவு ஏறும். வாந்தி, பேதி வந்தாலும் இதே கதைதான். உடம்புவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகளும் ஏற்றிவிடும். ஆரோவில் பக்கம் தோட்ட வேலை, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சு குழறல் கண்டால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. அளவு பார்க்கும் ரத்தத்தைக் கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் காலை 8 மணிக்கு ரத்தம். காலை மாத்திரை அதற்குப் பிறகுதான்.
2. பீடி, சிகரெட் பழக்கம், வெயில் வேலை, காய்ச்சல், மற்ற மாத்திரைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
3. லித்தியம் சாப்பிடுபவர் வெயில் நாளில் தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி குடிக்கட்டும். உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.
4. மாத்திரையை நாமே கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.
5. எல்லா மாத்திரைக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. கடன் வாங்கித் தனியாரிடம் ஓடும் முன், கோரிமேடு ஜிப்மரிலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவில் கேளுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச

மாத்திரை பலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "ஒழுங்கா போட்டியா?" என்றா? "பீடி உண்டா, வெயில் வேலையா, கடைசியா ரத்தம் எப்போ பாத்தாங்க?" என்றா?

அந்த அக்கா கேட்ட கடனைக் குழு கொடுத்தது. மந்திரிக்கப் போகாமல், பஸ் செலவுக்கும் பரிசோதனைக்கும் பயன்பட்டது. கடனும் அடைந்துவிட்டது. இந்த வருடம் உப்பு வாரும் வேலைக்குத் தம்பியும் வருகிறார்.