நடுவர் நாற்காலி வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அறிவியல் நாடகம் போடப்போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்துவிட்டது.

நான் வேலையில் இருந்தபோது ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். கொம்பு வைத்த கிருமியை டாக்டர் ஊசியோடு விரட்டுவார். நல்ல கைதட்டல். மறுநாள் வகுப்பில், தடுப்பூசி உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. விடையை மேடையிலேயே கொடுத்துவிட்டேன். யோசிக்க அவர்களுக்கு எதை மிச்சம் வைத்தேன்?

உனக்கு ஒரு கப்பல் கதை சொல்கிறேன். 1796-இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் கையில் கீறி வைத்தார். பெரியம்மை அவனை அண்டவில்லை. பிறகு அதே மாதிரி மாட்டம்மை நீரை ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐஸ்பெட்டி இல்லாத காலம். 1803 நவம்பரில் டாக்டர் பால்மிஸ் 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றினார். முதலில் இருவருக்கு அம்மை குத்துவார்கள். ஒன்பது பத்து நாளில் கொப்புளம் முற்றும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த இருவருக்கு. ஒருவன் சொறிந்து கெடுத்துக்கொண்டாலும் இன்னொருவன் கை இருக்குமே! அனாதை இல்லத்தைக் கவனித்துவந்த இசபெல் செண்டால் கூடவே போனார், தன் மகனையும் கூட்டிக்கொண்டு.

மாலுமிகள் அத்தனை பேர் இருக்க, ஏன் சிறுவர்கள்? இதைப் பிள்ளைகளிடம் கேள். ஒருமுறை பெரியம்மையோ மாட்டம்மையோ கண்ட உடம்பில் மாட்டம்மை பிடிக்காது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நோய் எதிர்ப்பாற்றல் பாடம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

நாடகத்தின் கடைசிக் காட்சியில், கொப்புளக் கையை ஒருவன் நீட்டுகிறான். அடுத்தவன் சட்டைக் கையைச் சுருட்ட மறுக்கிறான். அங்கேயே விளக்கை அணைத்துவிடு.

பிறகு விவாதம். பட்டிமன்றம் நம் பிள்ளைகளுக்குப் பழகியதுதான். ஆனால் நடுவர் நாற்காலியை எடுத்துவிடு. தீர்ப்பு வரப்போகிறது என்றால் கைதட்டலுக்குத்தான் பேசுவார்கள். கப்பல் போனது சரியே என்று வாதாடுபவனைப் பாதியில் எதிரணிக்கு அனுப்பு. கேட்க நாதியில்லாத பிள்ளைகளைத்தானே ஏற்றினார்கள் என்று அவன் வாயாலேயே வரட்டும்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இரு. தடுப்பூசி பலிக்குமா என்பதை விவாதத்துக்கு வைக்காதே. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-இலேயே அறிவித்துவிட்டது. அந்தச் சிறுவர்களுக்காகச் சம்மதம் சொல்ல யாருக்கு உரிமை இருந்தது? வாதம் அங்கே நடக்கட்டும்.

கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண் ஒருத்தி இருப்பாளே, இசபெல் வேடத்தை அவளுக்குக் கொடு. ஒத்திகைத் தேதியை எழுது. முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா