தேய்ந்த பல்லைப் பிடுங்காமல் காப்பது



நீங்கள் தாங்கும் மருத்துவ ஊழியத்தில் பல் மருத்துவத்துக்கும் இடமுண்டு. முற்றிலும் தேய்ந்துபோன பல்லை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதே இம்மாதப் பாடம்.

திண்டுக்கல் சமவெளியில் பல் தேயக் காரணங்கள் பல. அடுப்புக்கரி, செங்கல்தூள், உப்பு கொண்டு பல் துலக்கியவர்கள் கிராமங்களில் உண்டு. கொட்டைப்பாக்கைக் கடித்துக் கடித்தே பல் மழுங்கியவர்களும் உண்டு. சிலர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள். சிலருக்கு வயிற்றுப் புளிப்பு வாய்வரை ஏறிப் பல்லை அரிக்கிறது. நிலக்கோட்டை வட்டாரத்தில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. அளவு மிகுந்த நீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லில் கறை படியும். பாதிப்பு கடுமையானால் எனாமல் குழிவிழுந்து உதிரும்.

எனாமல் சில மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஓடு. போனால் மறுபடி வளராது. அதன் உள்ளே இருக்கும் டென்டின் மென்மையானது, விரைவில் தேயும். பல் கட்டையாகும், கூசும், மெல்ல முடியாது. பெரியவர்கள் சோற்றைக் கரைத்துக் குடிப்பார்கள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். முன்பு இவர்களுக்கு இருந்த வழி இரண்டு: பிடுங்கிவிட்டுப் பல்செட் கட்டுவது, அல்லது மிச்சப் பல்லையும் ராவி உறை போடுவது.

1955ஆம் ஆண்டு, அன்றைய மதுரை மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ. கே. தரியன் முதலானோர் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் புவோனகோர் என்பவர், எனாமலில் அமிலம் தடவினால் பிசின் அதில் நன்றாக ஒட்டும் என்று கண்டுபிடித்தார். 1962இல் போவன் என்பவர் உருவாக்கிய பிசினே இன்றைய காம்போசிட்டுக்கு அடிப்படை. பிசினோடு கண்ணாடித்தூள் போன்ற நுண்துகள்கள் கலந்த, பல் நிறமுள்ள பசை அது.

செய்யும் விதம் எளிது. பல்லைச் சுத்தம் செய்து, சில விநாடிகள் அமிலம் தடவிக் கழுவுவார்கள். புளோரைடு பாதித்த எனாமலுக்குச் சற்று அதிக நேரம் வேண்டும். பிறகு ஒட்டும் திரவம் பூசி, காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுகச் செய்வார்கள். மிச்சமுள்ள பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பல் தேயத் தேய, எலும்போடு சேர்ந்து அது எழும்பி எதிர்ப்பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே புதிதாகக் கட்ட இடமிராது. 1975இல் நார்வே நாட்டு மருத்துவர் டால் இதற்கு வழி காட்டினார். தேய்ந்த முன்பற்களை உயர்த்திவிட்டால், கடைவாய்ப் பற்கள் முதலில் ஒன்றையொன்று தொடாது. சில மாதங்களில் அவை தாமே எழும்பிச் சேர்ந்துகொள்ளும். அவர் உலோகத் தகடு வைத்துச் செய்ததை இப்போது காம்போசிட்டைக் கொண்டே செய்கிறார்கள். அந்த மாதங்களில் நோயாளிக்கு மெல்லுவது கடினம், பொறுமை வேண்டும்.

இது நிரந்தரமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காம்போசிட் தேயும், ஓரம் உடையும். ஆனால் உடைந்த இடத்தில் மறுபடி ஒட்டலாம்; பல் பத்திரமாயிருக்கும். கரித்தூளையும் பாக்கையும் விடாவிட்டால் புதிய வேலையும் கெடும். பல் கடிப்பவர்கள் இரவில் காப்புத்தகடு அணிய வேண்டும்.

நெரிந்ததை முறித்துப்போடாத ஆண்டவரைப் பற்றி ஏசாயா 42:3 சொல்வதை வாசித்துப் பாருங்கள். பிடுங்கி எறிவது சுலபம். மிச்சமிருப்பதை மதித்துக் கட்டியெழுப்ப நேரமும் பொருளும் வேண்டும். உங்கள் காணிக்கை அந்த நேரத்தையும் பொருளையும் ஏழைக்கு வாங்கித் தருகிறது.

ஜெபக் குறிப்புகள்: கிராமங்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க, பல் மருத்துவர்களின் கைகளுக்குப் பொறுமையும் பலமும் உண்டாக, வலியை மறைத்து வாழும் முதியோர் தயக்கமின்றிச் சிகிச்சைக்கு வர.