அலைகளுக்கும் வரப்பு வேண்டும்

பெங்களூர் அல்சூரில் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரின் பாசறை. சற்று நடந்தால் நெருக்கடியான கடைத்தெரு. பாசறையின் கம்பியில்லாக் கருவிகளுக்கும் வணிகரின் கைப்பேசிகளுக்கும் வானம் ஒன்றே. நிலத்தில் மதில் உண்டு. வானில் அதிர்வெண்ணே எல்லை. தனக்குரிய எல்லையைத் தாண்டி அடுத்த அலைவரிசையில் ஒரு கருவியின் ஆற்றல் கசிந்தால், அங்கே செய்தி குலைகிறது.

இதனை நம் தொலைபேசித் துறை கண்கூடாகக் கண்டதுண்டு. சி.டி.எம்.ஏ. கோபுரங்கள் 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகளை அனுப்பின. ஜி.எஸ்.எம். கோபுரங்களோ 890 முதல் 915 வரை கைப்பேசிகளின் மெல்லிய குரலைச் செவிமடுத்தன. இடைவெளி ஒரே மெகாஹெர்ட்ஸ்! அனுப்பும் கோபுரத்தில் நல்ல வடிப்பான் இல்லையெனில் பக்கத்துக் கோபுரம் செவிடாகும். வடிப்பானின் செலவு ஒருவருக்கு, பயன் அயலாருக்கு; எனவே சந்தை இதனைத் தானே தீர்க்கும் என எதிர்பார்ப்பது வீண்.

இடைவெளியை அகலமாக்கலாமே எனின், அதற்கும் விலையுண்டு. 2010ஆம் ஆண்டு ஏலத்தில், கர்நாடக வட்டத்தில் இருவழிக்கும் தலா 5 மெகாஹெர்ட்ஸ் கொண்ட மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை 1,579.91 கோடி ரூபாய்க்குப் போயிற்று. வரப்புக்கென விடும் நிலமும் விளைநிலமே.

வெற்றிடத்தைத் தானே கண்டறிந்து பயன்படுத்தும் ‘அறிதிறன் வானொலி’ என்னும் கருத்தை ஜோசப் மிட்டோலா 1999இல் முன்வைத்தார். 470-590 மெகாஹெர்ட்ஸ் தொலைக்காட்சிப் பட்டையின் 15 அலைவரிசைகளுள், நாட்டின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் 12க்குக் குறையாமல் காலியாக இருந்தன என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டனர். மகாராஷ்டிரத்தின் பால்கரில் அவற்றைக் கொண்டு கிராமங்களுக்கு இணைய வசதி தரும் சோதனையும் நடந்தது.

எனினும், இக்கருவிகள் பெரிதும் நாடும் பல்சுமப்பலை முறையில் கசிவு மிகுதி. ஒவ்வொரு சுமப்பலையின் முதல் பக்க அலையும் முதன்மை அலையைவிட 13 டெசிபெல் மட்டுமே தாழ்ந்தது. ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஓரச் சுமப்பலைகளை அணைத்துவிடலாம்; அகலம் வீணாகும். குறியீட்டின் விளிம்புகளை மெல்லச் சரியவிடலாம், நேரம் வீணாகும். எதிர் அலைகளைச் சேர்த்துக் கசிவை அழிக்கலாம்; மின்னாற்றலும் கணிப்பும் கூடும். இலவசமான வழி ஏதுமில்லை.

உரிமம் பெற்ற கோபுரம் கசிந்தால் உரியவரை அழைத்துக் கேட்கலாம். உரிமமின்றிச் சந்தையில் விற்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளுள் கசிவது எதுவெனக் கண்டறிவது அரிது. ஆகவே கசிவின் உச்சவரம்பை விற்பனைக்கு முன்பே, ஆய்வுக்கூடத்தில் அளந்து சான்றளிப்பதே தக்கது.