கடலில் தேடக் கூடாத நகரம்

அன்புத் தங்கைக்கு,

அட்லாண்டிஸ் என்றொரு தீவு நகரம் நிஜமாகவே இருந்ததா, இருந்தது என்றால் எந்தக் கடலுக்கடியில் கிடக்கிறது என்று கேட்டிருந்தாய். நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு நகரம் இருந்ததில்லை. கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ, கி.மு. 360ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய ‘டிமையஸ்’, ‘கிரிட்டியாஸ்’ என்ற இரண்டு உரையாடல்களில்தான் அதன் கதை முதன்முதலாக வருகிறது. அவருக்கு முந்திய எவருடைய எழுத்திலும் அந்தக் கதை கிடைக்கவில்லை. ஆனால் ‘இல்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அது பாதிப் பதில்தான். இல்லாத ஓர் ஊருக்கு அரச பரம்பரை, மதில், படைக்கணக்கு, அழிவு என்று முழு வரலாற்றையும் ஒருவர் எழுதிவைத்தால், அதை யாருக்காக எழுதினார் என்று கேட்க வேண்டும். அட்லாண்டிஸின் வரலாறு ஏதென்ஸ்காரர்களுக்காக எழுதப்பட்டது, அதில் எதிரியாக வரும் நகரத்துக்கு ஏதென்ஸின் முகமே இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன், நீயே எடைபோட்டுப் பார்.

முதலில் ஊரைப் பார். கடல் தெய்வமான பொசைடன், தான் விரும்பிய மானுடப் பெண் குடியிருந்த குன்றைச் சுற்றி நீரும் நிலமுமாக வளையங்கள் வெட்டுகிறான். நடுத்தீவின் குறுக்களவு 5 ஸ்டேடியோன். ஒரு ஸ்டேடியோன் என்பது ஏறக்குறைய 180 மீட்டர். நடுத்தீவை ஒட்டி 1 ஸ்டேடியோன் அகலத்தில் நீர். அதற்கு வெளியே 2 அகலத்தில் நிலம், 2 அகலத்தில் நீர். அதற்கும் வெளியே 3 அகலத்தில் நிலம், 3 அகலத்தில் நீர். கடலிலிருந்து வெளிவளையம் வரை 50 ஸ்டேடியோன் நீளத்துக்கு, 300 அடி அகலமும் 100 அடி ஆழமும் கொண்ட கால்வாய். வெளி நிலவளையத்தின் மதிலுக்கு வெண்கலப் பூச்சு, உள்வளையத்து மதிலுக்கு வெள்ளீயம், நடுக்கோட்டைக்குத் தீப்போல் மின்னும் ஓரிக்கால்கம் என்ற உலோகம். தீவின் அடியிலிருந்தே வெள்ளை, கறுப்பு, சிவப்புக் கற்களை வெட்டியெடுத்து வீடு கட்டுகிறார்கள். கல் எடுத்த பள்ளங்கள் பாறையே கூரையாகக் கப்பல் துறைகளாகிவிடுகின்றன. வெந்நீர் ஊற்று ஒன்று, குளிர்நீர் ஊற்று ஒன்று. அரசர்களுக்கும் குடிகளுக்கும் பெண்களுக்கும் குதிரைகளுக்கும் தனித்தனிக் குளியல் இடங்கள். இத்தனை செழிப்பில் வாழ்ந்தவர்களிடம் தெய்வ அம்சம் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து, பேராசை வளர்கிறது. பிற நாடுகளை அடிமைப்படுத்தப் படை எடுக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் வைத்துக்கொள்ளாத காவலர்களைக் கொண்ட ஆதிகால ஏதென்ஸ் அவர்களைத் தோற்கடிக்கிறது. பிறகு வந்த பூகம்பத்திலும் வெள்ளத்திலும், ஒரே ஒரு பகலும் இரவும் கழிவதற்குள் தீவு மூழ்கிப்போகிறது.

இப்போது சான்றுகளுக்கு வருவோம். ஏதென்ஸ் யாருக்குச் சொந்தம் என்று அத்தீனா தேவிக்கும் பொசைடனுக்கும் போட்டி நடந்ததாகவும், அதில் பொசைடன் தோற்றதாகவும் அந்த நகரத்தார் நம்பினார்கள். அந்தப் போட்டியின் அடையாளங்களாக அக்ரோபோலிஸ் குன்றில் ஓர் ஒலிவ மரத்தையும் ஓர் உப்புநீர் ஊற்றையும் காட்டிவந்தார்கள். ஆக, பொசைடனின் நகரம் என்றால் ஓர் ஏதென்ஸ்காரருக்கு உடனே புரியும்: கடல் ஜெயித்திருந்தால் நம் ஊர் எப்படி ஆகியிருக்குமோ அப்படி ஒரு ஊர். அவர்களுடைய ஊரும் கிட்டத்தட்ட அப்படி ஆகியேவிட்டிருந்தது. கி.மு. 483ஐ ஒட்டி லாரியன் சுரங்கத்து வெள்ளியை எடுத்து அவர்கள் கப்பற்படை கட்டினார்கள். பைரியஸ் துறைமுகத்தை ஹிப்போடமஸ் என்ற நகர வடிவமைப்பாளர் திட்டமிட்டு அமைத்தார். நகரத்தையும் துறைமுகத்தையும் நீண்ட மதில்களால் இணைத்துக்கொண்டார்கள். கடலாதிக்கத்தால் மற்ற கிரேக்க ஊர்களிடம் திறை வாங்கினார்கள். ஏதென்ஸின் குடிகள் 10 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தார்கள். அட்லாண்டிஸும் 10 அரசர்களுக்கு 10 பங்காகிறது. கி.மு. 415இல் ஏதென்ஸ், மேற்கேயிருந்த சிசிலித் தீவின் மீது பெரும் கப்பற்படையை அனுப்பி 413இல் எல்லாவற்றையும் இழந்தது. 404இல் எதிரி நகரமான ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தபோது அந்த நீண்ட மதில்கள் இடிக்கப்பட்டன. அப்போது பிளேட்டோவுக்கு இருபத்து சொச்சம் வயது. வாழ்வின் கடைசியில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் அவர், நல்ல ஊர் கடலிலிருந்து 80 ஸ்டேடியோன் தள்ளி இருக்கட்டும் என்கிறார். கிரேக்கரைப் பண்படுத்தியவை மாரத்தான், பிளாட்டியா என்ற தரைப்போர்களே தவிர, ஏதென்ஸ் பெருமை பாராட்டிய சலாமிஸ் கடற்போர் அல்ல என்றும் அதில் வாதிடுகிறார். இத்தனையையும் சேர்த்து வைத்துப் பார். கதையில் இரண்டு ஏதென்ஸ் மோதுகின்றன: அவர் விரும்பிய ஏதென்ஸ் ஒருபக்கம், அவர் கண்ணெதிரே அகந்தையால் அழிந்த ஏதென்ஸ் மறுபக்கம். பின்னதற்குத்தான் அட்லாண்டிஸ் என்று பெயர்.

‘இது உண்மைக் கதை என்று பிளேட்டோவே சொல்கிறாரே’ என்று நீ கேட்கலாம். சொல்கிறார்தான். எகிப்தின் சாயிஸ் நகரத்துப் பூசாரிகள் சோலோன் என்ற பழைய ஏதென்ஸ் அறிஞருக்குச் சொன்னது, அவர் வழியாகக் குடும்பத்தில் வந்தது என்று ஒரு பாத்திரம் பேசுகிறது. ஆனால் பிளேட்டோவுக்கு முன்பே எகிப்து சென்று விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சோலோனின் பயணத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை மட்டும் அவரிடம் இல்லை. சம்பவம் சோலோனுக்கு 9,000 ஆண்டுகளுக்கு முந்தியது என்பது கதைக் கணக்கு. அந்தக் காலத்தில் ஏதென்ஸும் இல்லை, எகிப்திய அரசும் இல்லை, வெண்கலமும் இல்லை, தேர் இழுக்கப் பழகிய குதிரையும் இல்லை. அளவுகள் இவ்வளவு துல்லியமாக இருப்பதே ஆதாரம் ஆகாதா என்றால், அந்தத் துல்லியமே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. 1, 2, 2, 3, 3 என்று வளரும் வளையங்களில் தெரிவது காம்பஸ் பிடித்த கை. நிலத்தை அளந்த கயிறு அல்ல. சமவெளியைச் சுற்றி 10,000 ஸ்டேடியோன், அதாவது ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அகழி வெட்டினார்கள் என்னும் இடத்தில், மனிதக் கை செய்த வேலை என்று நம்ப முடியாததுதான், ஆனாலும் கேட்டதைச் சொல்ல வேண்டும் என்று கதை சொல்கிறவரே ஒப்புக்கொள்கிறார். தேர்ந்த கதைசொல்லி தன் கேட்போரின் ஐயத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்ளும் முறை அது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தேரா என்ற சாண்டோரினித் தீவில் கி.மு. 17 அல்லது 16ஆம் நூற்றாண்டில் எரிமலை வெடித்தது. அதன் சாம்பலுக்கடியில், அக்ரோத்திரி என்ற இடத்தில், ஸ்பிரிடான் மரினாட்டோஸ் 1967இல் தொடங்கிய அகழாய்வில் சுவரோவியங்களோடு மாடி வீடுகள் வெளிப்பட்டன. அந்தத் தீவின் பாறைகளிலும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை நிறங்கள் உண்டு. பிளேட்டோ உயிரோடிருந்த காலத்திலேயே, கி.மு. 373இல், ஹெலிக்கே என்ற கிரேக்க நகரம் ஒரே இரவில் பூகம்பத்தாலும் கடலாலும் விழுங்கப்பட்டது. இவற்றின் நினைவு கதைக்குள் கலந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குளத்து மண் என்று தெரிந்துவிட்டால், பானை எதற்காக வனையப்பட்டது என்று தெரிந்ததாகிவிடாது. தேராவின் மக்கள் ஏதென்ஸ்மீது படையெடுத்து அகந்தைக்குத் தண்டனை பெற்றவர்கள் அல்லர். கதையின் உயிர் அந்தப் படையெடுப்பிலும் தண்டனையிலும்தான் இருக்கிறது, எரிமலையில் இல்லை.

கண்டங்களே மூழ்கியிருக்கலாமே என்ற எண்ணம் நமக்கும் பழக்கமானதுதான். 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளையும் இந்தியாவில் உள்ள அவற்றின் உறவு விலங்குகளையும் இணைத்து விளக்க, இந்தியப் பெருங்கடலில் லெமூரியா என்ற நிலப்பரப்பை ஊகித்தார். 1882இல் இக்னேஷியஸ் டானலி அட்லாண்டிஸை உண்மை வரலாறு என்று வாதிட்டுப் புத்தகம் எழுதினார். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் இரண்டையும் தம் மறைஞான நூலில் ஒன்றாகச் சேர்த்தார். அந்த லெமூரியாவைத்தான் பின்னால் தமிழ் எழுத்தாளர்கள் குமரிக்கண்டத்தோடு இணைத்தார்கள். இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்கப் பழகு. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்குள் போனதாகச் சிலப்பதிகாரம் சொல்வது, கரை இழந்த கடலோர மக்களின் பழைய நினைவாக இருக்க இடமுண்டு. 2004 சுனாமியைக் கண்ட நமக்கு அது விளங்கும். முழுக் கண்டம் மூழ்கியது என்பது வேறு கூற்று. நிலத்தட்டுகள் நகர்வதை அறிவியல் ஏற்றுக்கொண்ட பிறகு, லெமூர்களுக்காக ஒரு கண்டத்தை மூழ்கடிக்கும் தேவையே இல்லாமற் போயிற்று. அட்லாண்டிக் கடலடியிலும் மூழ்கிய கண்டம் எதுவும் இல்லை.

கற்பனை என்று ஒப்புக்கொண்டால் அதன் மதிப்பு குறைந்துவிடாதா என்பது கடைசிக் கேள்வியாக இருக்கும். என் கருத்தில் மதிப்பு கூடத்தான் செய்கிறது. உண்மையில் மூழ்கிய ஊர் என்றால் அது யாரோ அந்நியருக்கு நேர்ந்த விபத்து. நமக்கு அதில் வேலை இல்லை. ‘கிரிட்டியாஸ்’ எப்படி முடிகிறது என்று பார். அட்லாண்டிஸ் மக்களின் சீரழிவைக் கண்ட தேவர் தலைவன் ஸீயஸ், அவர்களைத் தண்டிக்க முடிவு செய்கிறான். அழித்து ஒழிக்க வேண்டும் என்பது அவன் நோக்கமில்லை. தண்டனை பெற்றுத் திருந்தி அடக்கம் பெற வேண்டும் என்பதே நோக்கம். தேவர்களைக் கூட்டுகிறான், பேசத் தொடங்குகிறான். அந்த இடத்தில், வாக்கியம் முடியாமலே நூல் நின்றுவிடுகிறது. மூழ்கப்போகிறவர்கள் திருந்துவதெப்படி? திருந்தக் கூடியவர்கள் கதைக்கு வெளியே, பைரியஸ் துறையில் மறுபடியும் கப்பல் கட்டிக்கொண்டு உயிரோடு இருந்தார்கள். இனி ஒரு கற்பனை நகரத்தின் வரலாறு உன் கைக்கு வந்தால், வரைபடத்தில் அதன் இடத்தைத் தேடாதே. அதைப் படிக்கும் ஊர் எது, அந்த ஊர் எதில் திருந்த வேண்டும் என்று எழுதியவர் நினைத்தார் என்று தேடு.

அன்புடன்,
அண்ணன்