பட்டாசு ஆலையும் பள்ளிக்கூடமும்

சின்னக்கானலின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றனர். தமிழ்நாட்டின் சிவகாசியிலோ, முன்னாளில் பிள்ளைகள் பலர் விடியும் முன்பே பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்றனர். வறுமையே அதற்குக் காரணம்.

பட்டாசு மருந்து உராய்வினாலும் தீப்பற்றும் தன்மையது. 1991ஆம் ஆண்டு சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் 39 பேர் உயிரிழந்தனர். செய்தியறிந்த உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அது அமைத்த வழக்கறிஞர் குழு, பட்டாசு ஆலைகளில் குழந்தைகளை அமர்த்தலாகாது எனப் பரிந்துரைத்தது.

1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வெளிவந்தது. சட்டத்தை மீறிக் குழந்தைகளை இடர்மிக்க தொழிலில் அமர்த்தியவர், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குழந்தைக்கு மாற்றாக, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும். இயலாவிடில் 5,000 ரூபாயை அந்நிதியில் சேர்க்க வேண்டும். வறுமை நீங்காமல் குழந்தை பள்ளிக்கு வாராது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 18 வயது நிறையாத எவரையும் இடர்மிக்க தொழிலில் அமர்த்துதல் குற்றமாகும்.

ஆயினும், 2012இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலைத் தீ மீண்டும் பல உயிர்களைக் கொண்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. நாள்தோறும் ஆலைக்குள்ளும் இருத்தல் வேண்டும்.

சொற்பொருள்: உராய்வு – தேய்தல், இடர் – துன்பம், ஆபத்து, ஏடு – புத்தகம்.

வினாக்கள்:
1. பெரியவருக்கு வேலை தேடித்தருமாறு நீதிமன்றம் கூறியது ஏன்?
2. ‘சட்டம் ஆலைக்குள்ளும் இருத்தல் வேண்டும்’ – விளக்குக.