ரோமாபுரியில் மூன்று நாட்கள்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 62. ஜெர்மனியில் வேலை செய்யும் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் தங்கப் போகிறார். போகும் வழியில் ரோமாபுரியில் மூன்று நாள் இருந்துவிட்டுப் போக வேண்டும், அதுவும் தனியாக, என்பது அவருடைய ஆசை. மகனோ, "தனியாகவா? வேண்டாம் அம்மா, எனக்கு லீவு கிடைக்கும்போது நானே கூட்டிப் போகிறேன்" என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். கடைசியில், "நாள்வாரியாக ஒரு திட்டம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சற்றே இறங்கி வந்தார். அந்தத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் ஐவரிடம் வந்து சேர்ந்தது.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே மாலையில் எழுதி முடித்தோம். முதல் நாளில் மட்டும் 14 இடங்கள்! பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். பிறகு, "இதில் நான் எப்போது உட்காருவது?" என்று கேட்டார். நாங்கள் வெட்கத்தால் தலை குனிந்தோம். பழைய ரோமின் தெருக்களில் சிறு சிறு கருங்கற்கள் பதித்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது எளிதான நடையன்று. ஆகவே காலையில் ஒரே ஒரு பெரிய இடம், நண்பகலில் ஓய்வு, மாலையில் அருகிலுள்ள ஒரு சிறிய இடம் என்று வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம்.

முதலில் விசா. இத்தாலியும் ஜெர்மனியும் ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்த நாடுகள். இரண்டுக்கும் ஒரே விசா போதும். அதிக நாட்கள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது ஜெர்மனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். "வத்திக்கான் தனி நாடாயிற்றே, அதற்கு வேறு விசாவா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். 1929-ல் ஏற்பட்ட உடன்படிக்கையால் அது தனி நாடானது உண்மைதான். ஆனால் 44 ஹெக்டேரே உள்ள அந்த நாட்டின் சதுக்கத்துக்குள் ரோம் தெருவிலிருந்து அப்படியே நடந்து போய்விடலாம்.

தங்குவதற்கு விடுதி தேடியபோது, ரோமில் பல கன்னியர் மடங்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன என்று அறிந்தோம். எளிய அறை, காலை உணவு; இரவு குறித்த நேரத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். போர்டிங்கில் இருக்கும் எங்களுக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை! தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்தோம். விமான நிலையத்திலிருந்து நேர் ரயில் அரை மணி நேரத்தில் அங்கே வந்துவிடுகிறது. மெட்ரோவின் ஏ, பி என்ற இரு வழிகளும் அங்கேதான் சந்திக்கின்றன.

வியாழன் நண்பகல் போய்ச் சேர்கிறார். மாலையில் பத்து நிமிட நடையில் புனித மரியா மேஜர் பெருங்கோவில். 2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறையில் அவருடைய பெயரை மட்டும் பொறித்திருக்கிறார்கள். வேறு பட்டமோ புகழுரையோ கிடையாது.

வெள்ளி காலை கொலோசியம். கி.பி. 80-ல் திறக்கப்பட்ட அரங்கம். நுழைவுச் சீட்டில் பெயர் இருக்கும்; கடவுச்சீட்டைக் கையில் கொண்டு போக வேண்டும். இந்த இடத்தை எழுதும்போது எங்களுக்கு சிறுமலர் தெரேசாளின் நினைவு வந்தது. 1887 நவம்பரில் தந்தையோடும் அக்காள் செலினோடும் திருயாத்திரை வந்தபோது அவருக்கு வயது 14. தடுப்பைத் தாண்டி, இடிபாடுகளுக்கிடையே இறங்கி, வேதசாட்சிகளின் இரத்தம் சிந்திய மண்ணை அக்காளும் தங்கையும் முத்தமிட்டார்கள். அதே பயணத்தில், யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு இருந்தும், கார்மேல் மடத்தில் 15 வயதில் சேர அனுமதி வேண்டுமென்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரிடமே கேட்டுவிட்டார். எங்கள் வயதுதான்! (தடுப்பைத் தாண்ட வேண்டாமென்று பெரியம்மாவுக்கு அடிக்குறிப்பு எழுதினோம்.) அன்று மாலை பாந்தியன். அதன் கவிமாடத்தின் குறுக்களவும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றே, 43 மீட்டருக்குச் சற்று அதிகம். உச்சியிலுள்ள வட்டத் திறப்பின் வழியே மழை பெய்தால் கோவிலுக்குள்ளேயே விழும்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தோம். மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும் என்பதைச் சிஸ்டர்தான் சுட்டிக்காட்டினார்கள். இதைக் கவனிக்காவிட்டால் பெரியம்மா பூட்டிய கதவின் முன்னால் நின்றிருப்பார். சனிக்கிழமைக்கு மாற்றினோம். சிஸ்டைன் ஆலயத்தின் கூரை ஓவியங்களை மைக்கேல் ஆஞ்செலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். 2025 மே 8 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டதும் அந்த ஆலயத்தில்தான். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

ஞாயிறு காலை புனித பேதுரு பேராலயத்தில் திருப்பலி. எங்கள் பாட்டிமார் இராயப்பர் கோவில் என்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலைக்குக் கவலையில்லை. கவிமாட உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் பாதி ஏறினாலும் 300-க்கு மேல் மிஞ்சும் என்பதால் அடித்துவிட்டோம். திருத்தந்தை ரோமில் இருந்தால் நண்பகலில் சன்னலில் தோன்றி மூவேளை செபம் சொல்வார். நட்டாலத்தில் பிறந்த நம் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் வழங்கியது இதே சதுக்கத்தில்தான். இங்கிருந்து நம்மிடம் வந்தவரும் உண்டு: ரோமில் 1577-ல் பிறந்த ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார்.

மற்றவை சுருக்கமாக: கடவுச்சீட்டும் பணமும் ஒரே பையில் வேண்டாம், நெரிசலில் பையை முன்பக்கம் அணைத்துக்கொள்ள வேண்டும். பேருந்துச் சீட்டை ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், இல்லையேல் அபராதம். தெருக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓயாமல் வரும். ஆபத்துக்கு 112.

திட்டத்தை மகனுக்கு அனுப்பினோம். காலையும் இரவும் தொலைபேசியில் பேச வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். பெரியம்மா மட்டும் ஒரு திருத்தம் செய்தார். ஞாயிறு மாலைக்கு நாங்கள் எழுதியிருந்த நீரூற்றையும் கடைவீதியையும் அடித்துவிட்டு, "இதைக் காலியாக விடுங்கள். எங்கே போக வேண்டுமென்று அங்கே போய் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.