முதற் கற்பனையும் மனத்தின் விக்கிரகமும்



சர்வேசுரன் ஒருவரையே ஆராதிக்க வேண்டுமென்பது பத்துக் கற்பனைகளில் முதலாவது. சிறுபிராயத்திலேயே இதை மனப்பாடம் செய்தோம். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில், "ஞானஸ்நானம் பெற்ற வீட்டில் விக்கிரகம் ஏது?" என்று எண்ணி, இந்தக் கற்பனையைத் தாண்டிப் போய்விடுகிறோம். இவ்வாரம் சற்று நின்று பார்ப்போம்.

கோவிலிலுள்ள சுரூபங்களுக்கு நாம் செலுத்துவது வணக்கமேயன்றி ஆராதனையல்ல. அந்த வணக்கம் மரத்திலும் மண்ணிலும் நில்லாமல், சுரூபம் குறிக்கும் அர்ச்சியசிஷ்டவரையே சேருகிறது. 787-ம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய பொதுச்சங்கத்தின் போதனை இது.

அப்படியானால் விக்கிரகம் எது? சர்வேசுரன் ஒன்று கற்பிக்க, வேறொன்று அதற்கு மாறாகச் சொல்லும்போது, நாம் எதற்குக் கீழ்ப்படிகிறோமோ அதுவே நமது தெய்வம். பொருளாசை விக்கிரக ஆராதனையே என்று அர்ச். சின்னப்பர் கொலோசையருக்கு (3:5) எழுதியதும் இதனால்தான். கரும்புப் பணம் வந்த பின்னும் வெட்டுக்கூலியைப் பிடித்து வைப்பவனும், சம்பளத்தை மதுக்கடையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பட்டினி போடுகிறவனும், பூசை கண்டுவிட்டுச் சோதிடனிடம் நாள் கேட்கப் போகிறவர்களும் எந்தத் தெய்வத்துக்குக் காணிக்கை வைக்கிறார்கள்?

இவற்றிலும் பெரிய விக்கிரகம் ஒன்று நம்மிடையே உண்டு. அதன் பெயர் சாதி.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊர் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை 1745-ம் ஆண்டு அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரும் சமமென்று சொல்லி, அவர்களோடு தாராளமாய்ப் பழகினார். 1752-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி காற்றாடிமலையில் வேதசாட்சியாய் உயிர் கொடுத்தார். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அதே வடக்கன்குளத்தில், 19-ம் நூற்றாண்டில் கட்டிய கோவிலில், பூசை காணும் சனங்களைச் சாதிவாரியாகப் பிரித்து நடுவே சுவர் நின்றது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று. சனம் மட்டும் இரண்டு! 1910-ம் ஆண்டு குருக்கள் அச்சுவரை இடித்தார்கள். அதற்காக வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தோற்றார்கள்.

சுவர் விழுந்தது, விக்கிரகம் விழுந்ததா? 2008-ம் ஆண்டு மார்ச்சு மாதம், நமது புதுவை-கடலூர் அதிமேற்றிராசனத்தைச் சேர்ந்த எறையூரில், கத்தோலிக்கருக்குள்ளேயே சாதிக் கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். விக்கிரகம் பலி கேட்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கரும்பு பயிரிடும் நமக்குத் தெரியும்: வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கிறது. மேலே வெட்டினால் போதாது, கட்டையைத் தோண்டியெடுக்க வேண்டும். சாதியின் கட்டை கோவிலில் இல்லை. நம் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் கேட்க நாம் பேசும் பேச்சிலும், பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும், கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிறது.

ஆகையால் இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம்:

1. இராச்செபத்துக்குப் பின், "எனக்கு எதை இழக்கப் பயம் அதிகம்?" என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்கட்டும். விக்கிரகம் அகப்பட்டுவிடும்.

2. பிள்ளைகள் முன்னிலையில் எவரையும் சாதி சொல்லிக் குறிக்காதிருப்போம்.

3. இதுவரை நம் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தி வைத்த ஒருவரை உள்ளே அழைத்து, நம்மோடு உட்காரவைத்து உணவு கொடுப்போம்.

மூன்றாவது கடினமாய்த் தோன்றுகிறதா? அப்படியானால் அங்கேதான் கட்டை இருக்கிறது. நம் பலத்தால் அது பெயராது. நற்கருணை வாங்கும்போது சேசுநாதரிடம் அதற்கான வரத்தைக் கேட்போம். நம் பக்கத்தில் முழந்தாளிட்டு அதே அப்பத்தை வாங்குகிறவர் யாராயினும், அவர் நம் சகோதரர்.

அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.